ஐந்து சரிகளும் ஓர் உரிமையும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செவிலியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஒரு கையேட்டை மெய்ப்புப் பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தார்கள். நோயாளிக்கு மருந்து கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை பற்றியது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றியிருந்தார்கள். தமிழ்த்துறைக்காரி என்பதால் ஒற்றுப்பிழை பார்த்துக் கொடுத்தால் போதும் என்றார்கள். மூன்றாம் பக்கத்திலேயே சிவப்புப் பேனாவை எடுக்க வேண்டியதாயிற்று. ‘மருந்து வழங்குதலின் ஐந்து உரிமைகள்’ என்று தலைப்பு. அதன் கீழே சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்து வரிகள். ஆங்கிலத்தின் ‘ரைட்’ என்ற ஒரே சொல் சரி என்பதையும் உரிமை என்பதையும் குறிக்கும். மொழிபெயர்த்தவர் தலைப்பில் தடுமாறிவிட்டார். ‘உரிமைகள்’ என்பதை அடித்து ‘சரிகள்’ என்று எழுதினேன்.

அந்தத் திருத்தத்தில் தவறில்லை. ஆனால் அடித்த சொல் என்னை விடவில்லை. செவிலியர் கல்வியில் உலகெங்கும் ஓதப்படும் இந்த ஐந்து வரிகளில் உரிமை என்று எதுவும் இருக்கிறதா, இருந்தால் அது யாருடையது என்று கேட்டுக்கொண்டே மீதிப் பக்கங்களைப் படித்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பிலிருந்து வந்தது. நான் மருத்துவம் படித்தவள் அல்ல. பிரதிகளைப் படிக்கத் தெரிந்தவள். மருந்துக்குறிப்பும் கையேடும் உறுதிமொழியும் பிரதிகள்தாம். அவற்றைப் பெரும்பாலும் பெண்கள் படிக்கிறார்கள். பெண்கள் கையால் அவை நிறைவேறுகின்றன.

எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

ஐந்து வரிகளையும் இலக்கண மாணவியாக முதலில் பார்க்கலாம். ஐந்திலும் ஒரு பெயரடை, ஒரு பெயர். எழுவாய் இல்லை, வினை இல்லை. சரி என்று முடிவு செய்தது யார்? எதை வைத்து? வரிகள் சொல்வதில்லை. வார்டில் அதற்கு ஒரே விடைதான்: மருத்துவர் எழுதிய குறிப்பு. அதில் உள்ளபடி இருந்தால் சரி, மாறினால் தவறு.

குறிப்பே தவறாக இருந்தால்? எழுதியதை வேறாகப் படிக்க இடமிருந்தால்? அப்போதும் ஐந்து கட்டங்களிலும் டிக் போட்டுவிட முடியும். நோயாளி அவர்தான், மருந்து அதுதான், எழுதிய அளவுதான், எழுதிய வழிதான், எழுதிய நேரம்தான். ஐந்தும் சரியாக இருந்தும் ஓர் உயிர் போகலாம்.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. மருந்துப் பிழைகளை ஆராயும் அமெரிக்க நிறுவனமான ஐ.எஸ்.எம்.பி., இந்த ஐந்தும் போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்கின்றனவே தவிர போகும் வழியைச் சொல்வதில்லை என்று வெகுகாலமாகச் சொல்லிவருகிறது. ஒரு மாத்திரை நோயாளியின் வாய்க்கு வருமுன் பல கைகளைக் கடக்கிறது. அச்சிட்டவர், வாங்கியவர், எழுதியவர், படியெடுத்தவர், மருந்தகத்தில் எடுத்துக் கொடுத்தவர். செவிலி கடைசிக் கை. முன்னால் நடந்த பிழைகளெல்லாம் அவள் உள்ளங்கையில் வந்து சேர்கின்றன. அதற்கப்பால் நோயாளியின் உடல்தான். கடைசியில் நிற்பவளிடம் மட்டும் ‘எல்லாம் சரியாக இருக்கட்டும்’ என்று சொல்லும் பிரதி, பொறுப்பைப் பகிர்ந்து கொடுப்பதில்லை. அதைக் கீழே தள்ளிவிடுகிறது. வீட்டுப் பெண்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாகத் தெரியும். அரிசி வாங்கியதில் கணவருக்குப் பங்குண்டு, அடுப்பு வாங்கியதில் மாமியாருக்குப் பங்குண்டு. சோறு குழைந்தால் மட்டும் அது அவளுடையது.

ஓர் இரவு

என் அம்மாவுக்கு நீண்டநாள் சர்க்கரை. இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்து வார்டில் இருந்தார். இரவு எட்டு மணி. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுக்கு மேல் இராத ஒரு செவிலி நோட்டை வைத்துக்கொண்டு நின்றாள். நிற்கிறாள், நிற்கிறாள், ஊசியை எடுக்கவில்லை. பக்கத்தைப் புரட்டி முந்தின நாள் குறிப்பைப் பார்த்தாள். சற்றுமுன் விரல் நுனியில் எடுத்த சர்க்கரை அளவைப் பார்த்தாள். எனக்குக் கோபம் வந்தது.

“டாக்டர்தான் எழுதிட்டுப் போயிருக்காரே சிஸ்டர், போட வேண்டியதுதானே? அம்மா பசியோட உக்காந்திருக்காங்க.”

“ஒரு நிமிஷம் மேடம். கேட்டுட்டு வந்துடறேன்.”

அவள் போனில் பேசியது எனக்குக் கேட்டது. மறுமுனையில் இருந்தவர் எரிந்து விழுந்ததை அவள் முகத்தில் பார்த்தேன். “சாரி சார்” என்று மூன்று முறை சொன்னாள். திரும்பி வந்து நான்கு யூனிட் போட்டாள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். நான்கு என்ற எண்ணை ஒட்டி, யூனிட்டைக் குறிக்கும் ஆங்கில ‘யூ’ எழுத்து. அவசரத்தில் அதன் மேல்வாய் மூடியிருந்தது. நான் படித்திருந்தால் நாற்பது என்றுதான் படித்திருப்பேன்.

யூனிட் என்பதை ஒற்றை எழுத்தில் சுருக்கி எழுதக் கூடாது என்பது மருந்துப் பாதுகாப்பின் பழைய பாடம். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு 2004இலேயே அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. காரணம், அந்த எழுத்து பூஜ்யமாகவும் தெரியும், நான்காகவும் தெரியும். நம் ஊரில் குழப்பம் இன்னொரு மடங்கு. இங்கே இன்சுலின் குப்பியில் மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்தாம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது பத்து அல்ல, இருபத்தைந்து. ஆக ‘நாற்பது’ என்ற எண் செவிலியின் கண்ணில் எப்போதும் பட்டுக்கொண்டிருப்பது. நோட்டில் அதைக் கண்டால் விநோதமாகத் தோன்றாது.

அவளுக்கு விநோதமாகத் தோன்றியது. அந்தச் சர்க்கரை அளவுக்கு, அந்த வயதுக்கு, நாற்பது ஒரு அளவே அல்ல என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இன்சுலின் அதிகமானால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருந்தது: வியர்வை, நடுக்கம், பிதற்றல், நினைவிழப்பு. தூக்கம் என்று நாங்கள் நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டிருப்போம். மருந்தியல் அறிவு என்பது அந்த இரவு அவள் கையை நிறுத்திய ஒன்று. கேட்பது அதற்கடுத்த வேலை. அதற்கு அறிவு மட்டும் போதவில்லை. ஒருவரிடம் திட்டு வாங்க வேண்டியிருந்தது. இருவரிடம் என்று திருத்திக்கொள்கிறேன். பெண்ணியம் கற்பிக்கிற நானும் அந்தப் பெண்ணிடம் சொன்னது, ‘எழுதியதைச் செய்’ என்பதைத்தான்.

விசுவாசமும் அறிவும்

செவிலியர் கல்லூரிகளில் விளக்கேற்றும் விழாவில் மாணவிகள் ஒரு உறுதிமொழி எடுக்கிறார்கள். நைட்டிங்கேல் உறுதிமொழி என்று பெயர். அதை எழுதியது ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அல்ல. அமெரிக்காவின் டெட்ராய்டில் 1893இல் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையில் உருவானது. மருத்துவர்களின் ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழியை முன்மாதிரியாகக் கொண்டது. அதன் மூல வடிவில் இரண்டு வாக்குறுதிகள் அருகருகே இருக்கின்றன. தெரிந்தே தீங்கான மருந்து எதையும் கொடுக்க மாட்டேன் என்பது ஒன்று. மருத்துவரின் பணியில் விசுவாசத்தோடு அவருக்குத் துணை நிற்பேன் என்பது மற்றொன்று. மருத்துவரைக் குறிக்க வரும் பதிலிப்பெயர் ஆண்பால். தூய வாழ்க்கை வாழ்வேன் என்ற வாக்கும் முன்னால் இருக்கிறது.

முதல் வாக்கை இரண்டாவது வாக்கு விழுங்கிவிடக் கூடும். மருத்துவர் எழுதியது தீங்கு என்று செவிலி அறிந்தால் எந்த வாக்கைக் காப்பது? பிரதி சொல்வதில்லை. ‘தெரிந்தே’ என்ற சொல்தான் அதில் எனக்கு முக்கியம். மருந்தின் செயல் தெரியாதவள் அந்த வாக்கை மீறவே முடியாது. அறியாமை அவளைக் குற்றமற்றவளாக வைத்திருக்கும். நோயாளியைக் காப்பாற்றாது. ஆக அந்த வாக்கைக் காப்பதற்குச் செவிலிக்கு மருந்தியல் வேண்டும். மருந்தியல் வந்துவிட்டால் விசுவாசத்துக்குச் சோதனை வரும்.

இந்தச் சோதனை உண்மையாகவே நடத்திப் பார்க்கப்பட்டிருக்கிறது. சார்ல்ஸ் ஹாஃப்லிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் குழுவினரும் 1966இல் வெளியிட்ட ஆய்வு அது. பணியிலிருந்த 22 செவிலியருக்கு, அவர்கள் அறியாத ஒரு ‘மருத்துவர்’ தொலைபேசியில் ஆணையிட்டார்: ஆஸ்ட்ரோட்டென் என்ற மருந்தை 20 மில்லிகிராம் கொடுங்கள், வந்து கையெழுத்துப் போடுகிறேன். அப்படி ஒரு மருந்தே கிடையாது. ஆய்வுக்காக வைத்த பெட்டியில், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. 22 பேரில் 21 பேர் கொடுக்கப் புறப்பட்டார்கள். வழியில் தடுத்து நிறுத்தினார்கள். இதே சூழலைக் காகிதத்தில் விவரித்து, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று 21 மாணவிகளிடம் கேட்டபோது ஒருவர்கூடக் கொடுப்பேன் என்று சொல்லவில்லை.

பெண்கள் பணிந்து போகிறவர்கள் என்று இந்த ஆய்வை மேற்கோள் காட்டுவோர் உண்டு. அவர்கள் 1977இல் ராங்க், ஜேக்கப்சன் இருவரும் செய்த மறு ஆய்வைப் பெரும்பாலும் சொல்வதில்லை. இம்முறை மருந்து செவிலியர் நன்கு அறிந்த வேலியம். அளவு மிகையானது. சக செவிலியரிடம் பேசவும் வாய்ப்பிருந்தது. 18 பேரில் 2 பேர்தான் கொடுக்கத் தயாரானார்கள். முதல் ஆய்வுக்கும் இரண்டாவதற்கும் இடையே காலம் மாறியிருந்தது, பெண்ணியக்கமும் வந்திருந்தது. ஆனாலும் இரண்டு மாற்றங்கள் கண்ணுக்கு நேராகத் தெரிகின்றன. மருந்தைப் பற்றித் தெரிந்திருந்தது. பக்கத்தில் கேட்க ஒருத்தி இருந்தாள்.

செவிலி என்ற சொல்

நர்ஸ் என்பதற்குச் செவிலி என்று தமிழில் வைத்திருக்கிறோம். அழகான சொல் என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாய் செவிலி. தோழி அவள் மகள் என்கிறது தொல்காப்பியம். ஆங்கிலச் சொல்லின் வேரும் ஊட்டுதல் என்பதுதான். இரண்டு மொழிகளிலும் இந்தத் தொழிலின் பெயர் முலையிலிருந்தும் மடியிலிருந்தும் வருகிறது. அன்பு, பொறுமை, கனிவு என்று வாழ்த்து மடல்களில் நாம் அடுக்குவதெல்லாம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. கணக்கும் வேதியியலும் அந்தப் பெயரில் இல்லை. அம்மாவின் அன்புக்குச் சம்பளம் கேட்பது கூச்சம் என்ற நினைப்பும் அதனுள்ளே இருக்கிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015இல் எடுக்கப்பட்ட செவிலியர் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை செய்து, 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார வேண்டிவந்தது. பணி நிரந்தரமாகாத ஒருத்தி இரவு எட்டு மணிக்கு மருத்துவரை அழைத்து ‘இது நான்கா, நாற்பதா’ என்று கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கேட்காமல் கேட்கும் வழி ஒன்றும் உண்டு. லியனர்ட் ஸ்டைன் என்ற மருத்துவர் 1967இல் அதை மருத்துவர்–செவிலி விளையாட்டு என்று விவரித்தார். செவிலி யோசனை சொல்ல வேண்டும். ஆனால் யோசனை சொன்னதாகத் தெரியக் கூடாது. அது மருத்துவருக்கே தோன்றியதாக இருக்க வேண்டும். “போன தடவை இவங்களுக்கு அது ஒத்துக்கிச்சு சார்” என்பது போல. அகப்பாடல் படித்தவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமானது. குறிப்பாகச் சொல்வதில் நம் தோழி தேர்ந்தவள். கவிதையில் அதை ரசிக்கிறோம். வார்டில் அது ஆபத்து. கேட்பவர் குறிப்பைப் பிடிக்காவிட்டால் சொன்னவள் சொல்லாதவள் ஆகிவிடுகிறாள்.

ஆனால் அதே அகமரபில் ‘அறத்தொடு நிற்றல்’ என்று ஒரு துறை இருக்கிறது. தலைவியின் காதலை மறைத்து வைத்தால் அவள் உயிருக்கு ஆபத்து, வேறு மணம் பேசிவிடுவார்கள் என்ற நிலையில், தலைவி தோழிக்குச் சொல்வாள், தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். யாரும் கேட்க விரும்பாத உண்மை படிப்படியாக மேலே போகிறது. அந்தச் சங்கிலியில் செவிலி மடியில் கிடத்தித் தாலாட்டுகிறவள் அல்ல. கேட்டதை மேலே எடுத்துச் செல்கிறவள். அவள் வாய் மூடிக்கொண்டால் சங்கிலி அங்கேயே அறுந்துபோகும். இந்தச் செவிலியைத்தான் நாம் பெயர் சூட்டும்போது மறந்துவிட்டோம்.

தண்டனை யாருக்கு

மேலே எடுத்துச் சென்ற உண்மைக்கு மேலே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடந்த ஒரு வழக்கு செவிலியர் உலகத்தையே உலுக்கியது. 2017 டிசம்பரில், ஸ்கேன் எடுக்க இருந்த ஒரு முதிய பெண்ணின் பதற்றம் தணிய வெர்செட் என்ற மருந்து எழுதப்பட்டது. ராடோண்டா வாட் என்ற செவிலி மருந்து வழங்கும் தானியங்கிப் பெட்டியில் அதன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினார். பெட்டி மருந்துகளைப் பொதுப் பெயரில் வைத்திருந்தது. வெர்செட்டின் பொதுப் பெயர் மிடசோலம். கிடைக்காததால் தடையை மீறும் வசதியைப் பயன்படுத்தினார். வந்தது வெக்குரோனியம், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து. மூச்சு நின்றுபோய், மறுநாள் அந்த அம்மாள் இறந்தார்.

வாட் செய்த பிழைகள் சிறியவை அல்ல. மூடியில் எச்சரிக்கை இருந்தது. வெர்செட் திரவம், இதுவோ கரைக்க வேண்டிய தூள். போட்டபின் அருகில் இருந்து கவனிக்கவும் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் மருந்தியல் அவரை நிறுத்தியிருக்க வேண்டும். இதை மென்று விழுங்கி எழுதுவது பெண்ணியம் ஆகாது. ஆனால் பிழை தெரிந்ததும் அவர் அதை மறைக்கவில்லை, உடனே ஒப்புக்கொண்டார். மறைத்தது மருத்துவமனை. மருந்துப் பிழையைக் கண்காணிப்பு அமைப்புகளிடம் அது தெரிவிக்கவில்லை. குடும்பத்தோடு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டது. பெயர் தெரியாத ஒருவர் எழுதிய புகாரால்தான் 2018இல் வெளியே தெரிந்தது. 2022 மார்ச்சில் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டது வாட் மட்டுமே. மே மாதம் மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை கிடைத்தது. செவிலியர் உரிமம் அதற்கு முன்பே போயிருந்தது.

செவிலியர் அமைப்புகள் இதை எதிர்த்ததன் காரணம் எளிமையானது. ஒப்புக்கொண்டவள் சிறைவாசல் வரை போனால் அடுத்தவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஒப்புக்கொள்ளாத பிழையிலிருந்து யாரும் எதையும் கற்க முடியாது. அதே பெட்டி, அதே இரண்டு எழுத்து, இன்னொரு நோயாளி. 2024இல் கென்டக்கி மாநிலம், நலவாழ்வுப் பணியாளரின் கடும் அலட்சியமோ வேண்டுமென்றே செய்த தவறோ அல்லாத பிழைகளுக்குக் குற்ற வழக்கு கூடாது என்று சட்டம் இயற்றியது.

வினைச்சொல் உள்ள பிரதி

செவிலிக்கு முடிவெடுக்கும் உரிமை கொடுத்தால் என்ன ஆகும் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் காட்ட விரும்புவது பிரசவ வார்டில் நெடுங்காலமாக இருக்கும் ஒரு பிரதி. கர்ப்பகால இரத்தக் கொதிப்பால் வலிப்பு வரும் பெண்களுக்கு மக்னீசியம் சல்ஃபேட் கொடுக்கிறார்கள். அளவு மிஞ்சினால் மூச்சை நிறுத்திவிடும் மருந்து. ஒவ்வொரு அடுத்த ஊசிக்கு முன்பும் மூன்று பார்க்க வேண்டும்: முழங்காலில் தட்டினால் கால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் போதிய அளவு போகிறதா. ஒன்று குறைந்தாலும் ஊசியை நிறுத்து. மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டைக் கைக்கு எட்டும் இடத்தில் வை.

இந்தப் பிரதியில் எல்லாமே வினைச்சொல். பார், தட்டு, எண்ணு, நிறுத்து, வை. ஏன் என்பதும் அதனுள்ளேயே இருக்கிறது. சரியா என்பதைக் காகிதத்தில் உள்ள எழுத்து முடிவு செய்வதில்லை. எதிரே படுத்திருக்கும் பெண்ணின் கால் முடிவு செய்கிறது. அதைத் தட்டிப் பார்க்கும் கைக்கு நிறுத்தும் அதிகாரம் இருக்கிறது. இப்படி எழுத முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். டிஜாக்சின் கொடுக்குமுன் ஒரு நிமிடம் முழுக்க நாடியை எண்ணு, 60க்குக் குறைந்தால் கொடுக்காமல் தெரிவி என்று கற்பிப்பதும் இதே வகை.

கையேட்டுக்குத் திரும்புகிறேன். ஐந்து சரிகளின் பட்டியல் பின்னாளில் ஆறு, ஏழு, பத்து என்று நீண்டிருக்கிறது. சில பட்டியல்களில் நோயாளி மருந்தை மறுக்கலாம் என்பதும் உண்டு. அந்த ஒரு வரியில் மட்டும் ‘ரைட்’ உரிமையாகிறது. நல்ல வரி. ஆனால் அது நோயாளியினுடையது. செவிலிக்கான வரியை அமெரிக்கச் செவிலியர் சிலர் 1990களின் இறுதியிலேயே தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். செவிலியரின் ஆறு உரிமைகள் என்று அதற்குப் பெயர். முழுமையாகவும் தெளிவாகவும் எழுதப்பட்ட மருந்துக்குறிப்பைப் பெறுவது, மருந்து பற்றிய தகவல் கைக்கு எட்டுவது, நின்று யோசிப்பது முதலியவை அதில் இருக்கின்றன. நான் பிழை என்று அடித்த சொல் வேறொரு பட்டியலின் தலைப்பாக ஏற்கெனவே இருந்திருக்கிறது.

மெய்ப்பைத் திருப்பி அனுப்பியபோது ஐந்து சரிகளின் கீழே ஒரு வரி சேர்த்திருந்தேன்: ‘தெளிவாக இல்லாத குறிப்பை நிறுத்தி வைக்கவும், எழுதியவரிடம் கேட்கவும் செவிலிக்கு உரிமை உண்டு, கேட்டதற்காக அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது.’ அச்சில் அந்த வரி இல்லை. மூலத்தில் இல்லாததைச் சேர்க்க இயலாது மேடம் என்று பணிவாகச் சொன்னார்கள். மொழிபெயர்ப்பு அறப்படி அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஒற்றுப்பிழைகள் அனைத்தும் திருத்தப்பட்டிருந்தன.

அம்மா அடுத்த வாரம் வீடு திரும்பினார். அந்தப் பெண்ணிடம் நன்றி சொல்லப் போனபோது அவளுக்கு வேறு வார்டில் பணி என்றார்கள். தேடிப் போய்ப் பார்த்திருக்கலாம். டிஸ்சார்ஜ் பில்லுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது, விட்டுவிட்டேன். இந்த ஆண்டு முதலாண்டு மாணவிகளுக்கு அறத்தொடு நிற்றல் நடத்தும்போது பாட்டை விளக்கி முடித்தபின் அவளைப் பற்றிச் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: “அந்த சிஸ்டர் கேக்காம இருந்திருந்தா நீங்க யார் மேல மேம் கேஸ் போட்டிருப்பீங்க?”